கைப்பை அத்தையைக் கொல்லச் சொன்னவள்

வால்பி என்ற ஊரில் நானும் தோராவும் ஒரே பேக்கரியில் ரொட்டி விற்றோம். ஐம்பதை நெருங்கும்போது அவளுக்குச் சினிமா வாய்த்தது. ஒரு கிறுக்குக் குடும்பத்தைப் பற்றிக் கோடைதோறும் எடுத்த சிரிப்புப் படங்கள். விருந்துக்கு வந்து, மேசையில் இருப்பதையெல்லாம் கைப்பையில் திணித்துக்கொள்ளும் அத்தை வேடம். வசனம் கிடையாது. முதல் படத்திலேயே தியேட்டர் அதிர்ந்தது.

அதன்பின் தோராவால் எங்கும் நிம்மதியாக உட்கார முடியவில்லை. டிராமில் யார் யாரோ அவள் பைக்குள் கேக்கைப் போட்டுவிட்டுக் கண்ணடித்தார்கள். காபியைக்கூட வாசலைப் பார்த்தபடி நின்றேதான் குடிப்பாள்.

மூன்றாவது படம் ஓடிக்கொண்டிருந்தபோது அவள் அண்ணன் எய்னர் இறந்தார். அடக்கம் முடிந்து காபிக்கு உட்கார்ந்தோம். கைக்குட்டை எடுக்கத் தோரா பையைத் திறந்தாள். மேசையில் இருந்த எல்லோரும் அந்தப் பையையே பார்த்தார்கள். அண்ணி கிரேத்தவுக்குத்தான் முதலில் சிரிப்பு வெடித்தது. கண்ணீர் வழிய, “எடுத்துக்கோ தோரா, அவரு பங்கும் மிச்சமாத்தான் கெடக்கு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தோரா எழுந்து போய்விட்டாள். தேடிப் போனால், கல்லறைப் பாதையில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தாள்.

மறுநாளே இயக்குநர் ஹோல்கரிடம் போய் நின்றாள்.

“அத்தையைக் கொன்னுடுங்க.”

“ஐயோ, ஜனங்க என்னைக் கொன்னுடுவாங்கம்மா!”

“அப்ப வேற ஆளைப் பாத்துக்குங்க.”

அடுத்த படத்தில் அத்தை செத்தாள். சவப்பெட்டிக்குள் படுத்திருந்தபோது நிஜமாகவே தூங்கிவிட்டதாகத் தோரா சொன்னாள்.

ஆனால் எங்கள் பேக்கரிக்கு வந்தவர்கள் இப்போது குரலைத் தாழ்த்தினார்கள். ஒரு கிழவர் மலர்வளையமே கொண்டுவந்தார். பிறகு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோரா துடைத்த மேசையையே துடைத்தாள்.

“இதுக்குத்தானே ஆசப்பட்ட?” என்றேன்.

“ஆசப்பட்டேன்தான். இப்ப இதுவும் பிடிக்கலயே, என்ன பண்ண?”

வசந்தத்தில் ஹோல்கரே கடைக்கு வந்தார். “செத்த அத்தைக்கு ஒரு ரெட்டைப் பிறவி. தூரத்துல, யூட்லாந்துப் பக்கத்துலேர்ந்து வர்றா. நடிக்கிறீங்களா?”

“அவ பேசுவாளா?”

“என்ன பேசணும்?”

“எல்லாரையும் வையணும். அண்ணிக்காரியைக் கூடக் கொஞ்சம்.”

படம் வெளியான அன்று தோரா கிரேத்தவையும் அழைத்துவந்து எங்கள் நடுவே உட்கார வைத்தாள். திரையில் யூட்லாந்துக்காரி, இழவு வீட்டில் பல்லிளித்த அண்ணியைப் பிடித்து விளாசினாள். தியேட்டர் கைதட்டியது. கிரேத்த மட்டும் தட்டவில்லை.

“என்னைத்தானே?” என்றாள் மெதுவாக.

“ஆமா.”

“அன்னிக்கு எனக்கு என்னாச்சுன்னே தெரியல, தோரா. அழத்தான் வாயத் தொறந்தேன்.”

தோரா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தோராவின் கால் மட்டும் படம் முடியும்வரை ஆடிக்கொண்டே இருந்தது.