மங்கலத்தின் போணி

முத்தாரம்மாள் பூதப்பாண்டியிலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்தவள். ஆரியசாலையில் மூட்டை சுமந்த புருஷன், பிள்ளை பிறந்த மறு வருஷமே மார்வலி கண்டு போய்ச்சேர்ந்தான். அதே தெருவில் ஒரு மொத்த அரிசிக் கடையில் சுளகைக் கையில் எடுத்தாள். புடைத்து, கல் பொறுக்கி, உமி போக்கி ஊருக்கெல்லாம் வெள்ளையாக அரிசி அனுப்பினாள். மாலையில் கீழே சிந்திய குருணை அவளுக்கு. அதில் அவளும் மகள் மங்கலமும் கஞ்சி குடித்தார்கள்.

அப்புறம் ரங்கூன் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. ரங்கூன் எந்தத் திக்கில் இருக்கிறதென்று முத்தாரம்மாளுக்குத் தெரியாது. ஆனால் அங்கேயிருந்து வந்த அரிசிதான் நின்றது. கடைக்காரர் குருணையையும் கூட்டி அள்ளிப் பூட்டி வைத்தார். ஒரு குண்டுகூட விழாத ஊரில் சுளகு பிடித்தவள் வீட்டு உலை அணைந்தது. இதற்குப் பெயரும் யுத்தம்தான், பெரிய மனிதர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவே.

வார்டுக்கு ஒரு உணவுக் கமிட்டி போட்டார்கள். கமிட்டி கஞ்சி ஊற்றியது. ஏழு வயது மங்கலம் கஞ்சி வாங்கத் தன் சின்ன அலுமினியப் பாத்திரத்தை, அவள் போணியை, எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பாள். அம்மா கிடைத்த கூலி வேலைக்குப் போக வேண்டுமே. முன்னால் நிற்பவன் தள்ளுவான், பின்னால் நிற்பவன் இடிப்பான். பாதி நாள் இவள் முறை வருமுன் அண்டா கவிழ்ந்துவிடும். மரச்சீனிக் கிழங்கும் காட்டுக்கீரையும் தின்று, வயிற்றோட்டம் கண்டு, நாற்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம் பிள்ளை போய்விட்டது. போட்டோ எடுக்கிற குடும்பமா அது? மிஞ்சியது அந்தப் போணி ஒன்றுதான்.

யுத்தம் முடிந்தது. உடனே நம் கனவான்களுக்குச் சமாதானத்தின் மேல் காதல் பிறந்தது. தைக்காட்டில் ஒரு பங்களாவைப் பிடித்து, 'பாலர் சமாதானக் காட்சிசாலை' என்று பலகை மாட்டினார்கள். யுத்த காலத்துக் குழந்தைகளின் சாமான்களைப் பார்த்தால் இனி எவனும் சண்டை போட மாட்டானாம். தலைவர் ராமசுப்ரமணியன், கோட்டைக்குள் வீடு, பென்ஷன் வாங்கும் பெரிய உத்தியோகஸ்தர். மூன்று வருஷம் முன்பு மங்கலம் வரிசையில் நின்ற அந்த வார்டு உணவுக் கமிட்டிக்கும் அவரே தலைவர். அப்போது கஞ்சி அண்டா, இப்போது கண்ணாடி அலமாரி. மனிதர் மட்டும் மாறவில்லை.

சாமான் சேகரிக்க வீடு வீடாக அலைந்தவள் செல்லபாய் டீச்சர். நல்லவள், ஆனால் பயந்தவள். முத்தாரம்மாள் சொன்ன கதையை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டாள்.

"பிள்ளைக்க பேரு எழுதி வைப்பீங்களா டீச்சரே?" என்று கேட்டாள் முத்தாரம்மாள்.

"பேரும் எழுதுவோம், வயசும் எழுதுவோம். நாலு பேரு பாத்து அறியட்டு."

முத்தாரம்மாளுக்கு அது போதும். மகள் பெயர் ஒரு இடத்தில் இருக்க வேண்டும், அவள் எப்படிப் போனாள் என்பது அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். வேறு ஆசை அவளுக்குக் கிடையாது. போணியைச் சாம்பல் போட்டு விளக்கினாள். கொடுக்கப் போனவளுக்குக் கை வரவில்லை. வெறும் பாத்திரத்தை யாராவது பிறத்தியார் வீட்டுக்குக் கொடுப்பார்களா? அதுவும் பிள்ளையின் பாத்திரத்தை? அன்று ரேஷனில் வாங்கிய அரிசியில் இரண்டு கை அள்ளிப் போட்டுக் கொடுத்தாள். ராத்திரிக்கு மரச்சீனி அவித்துத் தின்றாள்.

திறப்பு விழாவுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே போனாள். உள்ளே பார்க்க வேண்டுமே கூத்தை! ஒரு கர்னல் மகனின் தகர ஏரோப்பிளேன். லண்டனிலிருந்து வந்த பொம்மை, அதற்குப் பட்டுச் சட்டை. யாருமே மூஞ்சியில் மாட்டாத விஷவாயு முகமூடி ஒன்று. கடைசி அலமாரியில் போணி, அதில் அவள் போட்ட அரிசி. கீழே அட்டையில் மலையாளம், இங்கிலீஷ், தமிழ். தமிழை எழுத்துக்கூட்டிப் படித்தாள்:

'யுத்த காலத்தில் ஒரு தொழிலாளியின் குழந்தை உபயோகித்தது. எளியோர் இல்லத்திலும் அன்னத்துக்குக் குறைவிருக்கவில்லை என்பதற்குச் சாட்சி.'

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே என்பார்கள். வந்திருந்தவர்களோ படித்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போனார்கள்.

"பேரெங்க டீச்சரே?"

அலமாரி பக்கத்தில் நின்ற செல்லபாய் முகம் செத்துவிட்டது. "நான் எழுதித்தான் கொடுத்தேன். சார் வெட்டிட்டாரு."

ராமசுப்ரமணியன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கழுத்தில் மாலை. "இதோ பாரும்மா, போணியில அரிசி இருக்கு. இருக்கறதைத்தானே எழுத முடியும்? அழுகையும் சாவும் எழுதினா ஜனங்களுக்குச் சமாதானமா வரும்?"

"அந்த அரிசி நான் போட்டது சாரே. வெறும் போணி கொடுக்கப்பிடாதுண்ணு போட்டேன்."

"யார் போட்டா என்ன? பாக்க லட்சணமா இருக்கோல்லியோ?"

முத்தாரம்மாள் வாயாடி இல்லை. கண்ணாடிக் கதவு இன்னும் பூட்டாமல் இருந்தது. திறந்தாள், போணியை எடுத்தாள்.

"கை நீட்டுங்க சாரே."

கோவில் கோவிலாகப் பிரசாதம் வாங்கிப் பழகிய கை. கேட்டதும் இரண்டும் சேர்ந்து தாமாகவே குவிந்தன. அதில் அத்தனை அரிசியையும் கொட்டினாள். விருந்தாளிகள் பார்க்க, மாலையும் கழுத்துமாக, இரண்டு கையும் நிறைந்து, சிந்தவும் முடியாமல் தடுக்கவும் முடியாமல் நின்றார் சமாதானத் தலைவர்.

"இப்ப இருக்கறத எழுதுங்க," என்று வெறும் போணியை அலமாரியில் வைத்தாள்.

செல்லபாய் டீச்சருக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, அட்டையைத் திருப்பிப் பென்சிலால் எழுதினாள்: 'மங்கலம். வயது ஏழு. பட்டினியால் இறந்தாள்.'

முத்தாரம்மாள் அதை இரண்டு தடவை படித்தாள். ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஆரியசாலைக்கு நடந்தாள். அறைக் கதவைச் சாத்திய பிறகுதான், பிள்ளையின் போணியைத் தன் கையாலேயே காலியாக்கி வைத்துவிட்டு வந்துவிட்டோமே என்று உட்கார்ந்து அழுதாள்.