தொண்டையில் நிற்காதது

ருக்சானாவின் மகள் சுமையாவுக்கு இரண்டு வயது முடிந்தபோது எடை ஏழரைக் கிலோ. ஆகாரம் பால் மட்டும். நாளைக்கு ஆறு புட்டி. அங்கன்வாடி வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. ஏற்காட்டில் பிள்ளை சாப்பிடவில்லை என்றால் இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு மாதத்தில் எடை ஏறாவிட்டால் சேலம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ருக்சானாவோ மலையை விட்டு இறங்கமாட்டேன் என்றாள்.

காரணம் ஊருக்கே தெரியும். மூத்தவன் அஜ்மல் ஒன்றரை வயதில், அப்பா ஜாபர் அலியின் கடையில் வறுகடலையை வாயில் போட்டுக்கொண்டான். புரையேறியது. ஜீப் அடிவாரம் போய்ச் சேருமுன் ருக்சானாவின் மடியிலேயே இறந்துபோனான்.

"கடைல பத்து ரகம் பழம் விக்கிறேனுங்க டீச்சர். எம்புள்ளைக்கு மட்டும் பாலு. கன்னுக்குட்டிகூட இந்நேரம் புல்லு கடிச்சிருக்கும்" என்றார் ஜாபர்.

ருக்சானா அடுத்த புட்டியைக் கழுவப் போனாள்.

மதியம் அவர்கள் தரையில் துணி விரித்து ஒரே தாம்பாளத்தில் சாப்பிடுவார்கள். அந்த நேரம் பிள்ளை தூளியில் கிடக்கும். தூளியை அவிழ்க்கச் சொன்னேன். பிள்ளையும் கூட உட்காரட்டும், பருப்புச் சோறு, மசித்த கீரை, முட்டை, அன்றைக்கு என்ன சமையலோ அதில் கொஞ்சம் முன்னால் வையுங்கள், திணிக்க வேண்டாம், துப்பினால் மறுநாளும் வையுங்கள் என்றேன். சில பிள்ளைகள் பதினைந்து தரம் பார்த்த பிறகுதான் தொடும்.

பத்து நாளாகியும் சுமையா எதையும் தொடவில்லை. பதினோராம் நாள் சொல்லாமல் போனேன். சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, அடுப்படியில் மறைவாக உட்கார்ந்து ருக்சானா புட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் கண்ணு, வயிறு நெறஞ்ச புள்ள எப்புடித் திங்கும்?"

"பாலு தொண்டைல நிக்காதுங்க டீச்சர்."

திட்டிப் பயனில்லை. பிள்ளைக்குத் தொண்டை அடைத்தால் என்ன செய்வதென்று, தலையணையை எடுத்து மடியில் குப்புறப் போட்டுக் காட்டினேன். தலை தாழ இருக்க வேண்டும். உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து அடி. அவளையும் செய்ய வைத்தேன்.

"அடைச்சது கண்ணுக்குத் தெரியலைன்னா விரலை உட்டுத் துழாவக் கூடாது. இன்னும் உள்ள போயிரும்."

அவள் கை நின்றது. "அஜ்மலுக்கு நான் விரலத்தானுங்க உட்டேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அதுலதான் போச்சுங்களா?"

"இருக்கலாம் கண்ணு. எனக்குத் தெரியாது."

இல்லை என்று சொல்லியிருந்தால், நான் சொல்லிக்கொடுத்ததையும் அவள் நம்பியிருக்கமாட்டாள். அவள் அழவில்லை. தலையணையை மறுபடி மடியில் போட்டு ஐந்து அடி அடித்தாள். பிறகு இன்னும் ஐந்து. ஜாபர் வந்து வாங்கி வைக்கும்வரை அடித்தாள்.

மறுநாள் சாப்பாட்டுக்கு முன் புட்டி கொடுக்கவில்லை. பசியில் கத்திய சுமையா, அப்பா பக்கத்திலிருந்த உருளைக்கிழங்கு மசியலை அள்ளி வாயில் வைத்தாள். மாதக் கடைசியில் முந்நூறு கிராம் ஏறியிருந்தது. சேலம் இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர்.

இப்போது அப்பனும் மகளும் தாம்பாளத்தில் சாப்பிடுகிறார்கள். ருக்சானா மகளின் முதுகில் வலது கையை வைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவர்கள் எழுந்த பிறகுதான் அவளுக்குச் சோறு.