பழைய கீபோர்டும் புதுக் கம்ப்யூட்டரும்

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிறர் எழுதிக் கொடுத்ததை டைப் அடித்தே பழகியவள் சொந்தமாக எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைய சந்தோஷத்தை வேறு எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

தென்காசியில் குற்றாலம் போகும் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே கல்யாணப் பத்திரிகை டைப் அடிப்பது என் வேலை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் போதும், யாரிடமும் பேச வேண்டாம். கடை தொடங்கியபோது வந்த கனமான கீபோர்டுதான் என்னுடையது. தட்டினால் சத்தம் தெருவுக்குக் கேட்கும்.

இந்தக் குற்றாலச் சீசனில் கம்ப்யூட்டர் பழுதாகி, கடைக்கார அண்ணாச்சி புதியது வாங்கினார். என் கீபோர்டின் தடித்த உருண்டை முனையைச் செருக அதில் இடமே இல்லை. கூட வந்த தட்டையான கீபோர்டில் விரல்கள் வழுக்கின. ஒரு பத்திரிகைக்கு அரை நாள் ஆயிற்று.

“இதுல கை வரலன்னா ஜெராக்ஸ் பக்கம் நின்னுக்கோம்மா. டைப்புக்கு வேற ஆளு பாத்துக்கிடுதேன்” என்றார் அண்ணாச்சி.

அருவியில் குளித்துவிட்டு எண்ணெய்த் தலையோடு வருகிறவர்கள், லாட்ஜில் கொடுக்க ஆதார் நகல் கேட்டு ஒரே நேரத்தில் கை நீட்டுவார்கள். அத்தனை பேருக்கும் நான் பதில் சொல்வதா?

ஜெராக்ஸ் பார்க்கும் அக்கா என்மேல் இரக்கப்பட்டுத் தன் போனில் தேடி ஒரு கன்வர்ட்டர் வரவழைத்துக் கொடுத்தாள். தீப்பெட்டி அளவுதான். ஒரு பக்கம் பழைய முனை, மறுபக்கம் புதுக் கம்ப்யூட்டர். அது வருவதற்குள் சும்மா இருக்கமுடியாமல் கீபோர்டைத் தேங்காய் நாரால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்திருந்தேன்.

செருகினேன். தட்டினேன். ஓர் எழுத்தும் வரவில்லை. அண்ணாச்சி எட்டிப் பார்த்து, பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா கீபோர்டைத் திருப்பிப் பார்த்தாள். ஆயுத பூசைக்குச் சந்தனம் வைப்பது அதன் முதுகில்தான். முன்னால் வைத்தால் எழுத்துக்கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். வருசா வருசம் வைத்தது காய்ந்து, கட்டியாக ஏறியிருந்தது, நான் தேய்க்கும்வரை.

“ஏட்டி, இங்கன இருந்த சந்தனம் எங்க? தேச்சு எடுத்துட்டியா? சாமி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டு.”

சந்தனம் போன இடத்தில் ஒரு சின்னக் குழி. அதற்குள், இத்தனை வருசமாக நாங்கள் பார்த்தேயிராத, கம்ப்யூட்டர் வகைக்கு ஏற்ப மாற்றும் ஒரு சுவிட்ச். பக்கத்தில் நாரின் கீறல். தேய்த்த தேய்ப்பில் அதுதான் நகர்ந்திருக்கிறது. குண்டூசியால் மறுபக்கம் தள்ளினேன். கழற்றித் திரும்பச் செருகினேன்.

மூன்று பச்சை விளக்குகள் மின்னின. ஒரு விரலை வைத்தேன். ‘க’ வந்தது. எடுக்க மனமில்லாமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். திரை முழுக்கக் ககககவென்று ஓடியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாய்விட்டு, நிறுத்த முடியாமல். சாரலுக்கு ஒதுங்கியிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமே வரவில்லை.

“ஒனக்குச் சிரிக்கத் தெரியுமாட்டி?” என்றாள் அக்கா. அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுவிட்ச் இனி நகரக்கூடாது என்று சந்தனம் குழைத்து அந்தக் குழியை அவளே அடைத்தாள்.

மறுநாள் சீசன் கூட்டத்துக்கு அக்காவுக்குத் துணையாக ஜெராக்ஸ் பக்கம் நிற்க இலத்தூரிலிருந்து ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கடையம் ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை அடித்தேன்.