அத்தை எழுதிப் போட்ட சீட்டு

இதை எழுத வேண்டும் என்று ஆறேழு வருடமாக நினைத்து நினைத்து விட்டுவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதினால் யார் படிப்பார்கள் என்று ஒரு தயக்கம். குடும்பத்து விஷயமாயிற்றே என்பது அதைவிடப் பெரிய தயக்கம். போன மாதம் அத்தையிடமே கேட்டுவிட்டேன். "எழுதிக்கோ கண்ணு, நான் என்ன திருடுனனா?" என்றாள். ஆண்டவர் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

அரவேணுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் எங்கள் அப்பாவுக்கு வேலை. அத்தை அவருடைய கடைசித் தங்கை. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இடது கால் சூம்பிவிட்டது. பத்தாவது பாஸ் செய்தவள்தான். ஆனால் சரிவில் ஏறிக் கொழுந்து பறிக்க முடியாது என்பதால் எஸ்டேட் கூலிப் பதிவில் பேர் இல்லை, பேர் இல்லாததால் சம்பளம் இல்லை, சம்பளம் இல்லாததால் வீட்டில் அவள் பேச்சு எடுபடுவதும் இல்லை. விருந்தாளி வந்தால் அடுப்படியிலேயே உட்கார்ந்துகொள்வாள். அப்படி உட்காரும்படி யாரும் அவளிடம் சொன்னதில்லை. வெளியே வா என்றும் சொன்னதில்லை.

எனக்குப் பதினோரு வயதிருக்கும். ஊனமுள்ளவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கப் புதன்கிழமை எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு டாக்டர் வருகிறார் என்று எங்கள் வேதக்கோயிலில் அறிவித்தார்கள். ஊனமுள்ளவர்கள் என்றுதான் அன்றைக்குச் சொல்வார்கள். அந்தத் தாள் இருந்தால் கோத்தகிரியில் தையல் பயிற்சியில் சேரலாம், பஸ்ஸுக்கும் காசு வேண்டாம். அத்தை கேட்டாள். அப்பா முடியாது என்றுவிட்டார். சித்தப்பாவுக்குக் குன்னூரில் பெண் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

"நம்ம ஊட்ல மட்டும் இப்படின்னு ஊருக்கே தமுக்கடிக்கணுமா?"

அத்தை அரிசி களையப் போனாள்.

செவ்வாய்தோறும் எங்கள் கோயிலில் அந்தோணியார் நவநாள் ஜெபம். சுரூபத்தின் காலடியில் ஒரு பெட்டி இருக்கும். மன்றாட்டைப் பேர் போடாமல் எழுதி அதில் போடுவார்கள். எழுதத் தெரியாதவர்கள் எங்கள் பின்வாசலுக்கு வந்து அத்தையிடம் எழுதி வாங்கிப் போவார்கள். ஜெபம் நடத்தும் உபதேசியார் சீட்டுகளை மனசுக்குள் படித்துவிட்டு, "நோயாளிகளுக்காக மன்றாடுவோம்" என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவார். அந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. முன்வரிசையில் இருந்த என்னிடம் சீட்டுகளைக் கொடுத்துவிட்டார். பொதுவாகச் சொல்ல எனக்கு எங்கே தெரியும்? எழுதியிருந்தபடியே படித்தேன்.

"என் மகனுக்கு ஏழு வயசாகியும் பேச்சு வரலை."

"மெஷினில் போன விரலோட எங்க ஊட்டுக்காரருக்கு வேலையும் போச்சு."

"என் மகளுக்குப் பொழுது சாஞ்சாக் கண்ணு தெரியறதில்லை. கட்டிக்க ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்க."

உபதேசியார் கையை மேலும் கீழும் ஆட்டினார். சத்தம் போதவில்லை என்கிறார் என்று நினைத்து இன்னும் உரக்கப் படித்தேன். "ஆருடி இவளப் படிக்கச் சொன்னது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பதினைந்து சீட்டில் ஒன்பது இந்த மாதிரிதான். கடைசிச் சீட்டு இது: "நாளைக்கு டாக்டரைப் பார்க்க எங்கண்ணன் சம்மதிக்க வேணும், புனிதரே."

ஆண்கள் பக்கம் நின்ற அப்பா நிமிரவே இல்லை. வீட்டுக்குப் போனதும் அடி நிச்சயம் என்று நினைத்தேன். அவரோ சாப்பிடாமலே படுத்துக்கொண்டார்.

காலையில் ஃபேக்டரிக்குப் போய் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து வாசலில் நின்றார். "அம்மிணி, பொறப்படு. நேரமாச்சு." அத்தை வழக்கம்போலப் பின்வாசலுக்குத் திரும்பினாள். "அங்கெதுக்குப் போற? இப்பிடியே வா" என்று தொழிலாளர் லைன் வீடுகளுக்கு முன்னால் போகிற பாதையைக் காட்டினார். நானும் கூடவே ஓடினேன்.

பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே வரிசை நின்றிருந்தது. அடுத்த லைன் கங்காணி, நாங்கள் ஒருநாளும் பார்த்திராத ஒரு பையனைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, உங்க ஊட்லயுமா?" என்றார் அப்பா.

"ஆமாங்க. உங்க ஊட்லயுங்களா?"

அப்பா அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றார். இரண்டும் பதினைந்து வருடம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த குடும்பங்கள்.

குன்னூர்ச் சம்பந்தம் நின்றுபோனது உண்மை. சித்தப்பா ஒரு மாதம் அத்தையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவருக்கு வேறு பெண் அமைந்தது. அத்தை தையல் படித்தாள், அரவேணுவில் கடை போட்டாள். என் மகள் முதல் நற்கருணை வாங்கிய அன்று போட்ட புதுநன்மை உடுப்பு அவள் தைத்ததுதான்.

ஆனால் அந்தப் புதன்கிழமை எனக்கு ஒரே ஏமாற்றம். அந்தோணியார் கோடி அற்புதர், போதாததற்கு டாக்டரும் வந்துவிட்டார், அத்தை காலை வீசி நடந்து வரப்போகிறாள் என்று டாக்டர் இருந்த அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ தொடையில் கையை ஊன்றி, போனபடியே விந்தி விந்தி வந்தாள். கையில் ஒரு தாள். அவ்வளவுதான்.

"கால் அப்படியேதான இருக்கு!" என்று அழுதுவிட்டேன்.

அத்தை சிரித்தாள். வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். ஒன்றுமே நடக்கவில்லை, இவளுக்கு எதற்கு இத்தனை சிரிப்பு என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கால் குணமாகிவிட்டது என்று மட்டும் தயவுசெய்து சேர்த்துவிடாதீர்கள்.