உருத்தெரியாத: வாக்கியத்தில் அமைத்து எழுதுக

பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் மாலை ஐந்து முதல் ஏழு வரை தமிழ் ட்யூஷன் எடுக்கிறேன். எட்டாவதும் ஒன்பதாவதும் படிக்கும் பிள்ளைகள் பதினோரு பேர் வருகிறார்கள். தமிழுக்கெல்லாமா ட்யூஷன் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. வந்து அந்த நோட்டுகளை ஒரு தடவை புரட்டிப் பார்க்கட்டும்.

என்னிடம் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு சொல்லைக் கொடுத்து வாக்கியத்தில் அமைக்கச் சொன்னால் கைடில் இருப்பதை எழுதக் கூடாது. கைடு வாக்கியத்தில் வரும் பையன் எப்போதும் அதிகாலையில் எழுவான், பெரியோரை மதிப்பான், கையோடு தேர்விலும் முதலிடம் வாங்கிவிடுவான். அவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. கண்ணால் பார்த்ததை எழுது, இல்லாவிட்டால் எழுதாதே என்பேன். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒரு நாள் ஐந்து சொற்கள் கொடுத்தேன். அதில் ஒன்று ‘உருத்தெரியாத’. முன்பு இருந்த அடையாளமே இல்லாமல் மாறிப்போனதற்குச் சொல்வது என்று விளக்கினேன். மறுநாள் பார்த்தால் எல்லா நோட்டிலும் ரோடு. மெட்ரோ வேலையில் குமணன்சாவடி உருத்தெரியாத இடமாகிவிட்டதாம். ஏரி உருத்தெரியாத நகர் ஆகிவிட்டதாம். இந்தப் பக்கத்தில் இந்தப் புலம்பலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஷேர் ஆட்டோவில் ஏறினால் யாராவது ஆரம்பித்துவிடுவார்: இங்கே ஏரி இருந்தது, அங்கே கத்திரித் தோட்டம் இருந்தது. பல நேரம் அந்தத் தோட்டத்தை பிளாட் போட்டு விற்றவரே அவராகத்தான் இருப்பார். “ரோடும் வேணாம், ஏரியும் வேணாம். ஒரு மனுஷனப் பத்தி எழுதிட்டு வாங்க” என்று நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன்.

இந்த முறை நன்றாகவே வந்தது. கல்யாண மேக்கப்பில் உருத்தெரியாத அக்காவை ஒருவன் எழுதியிருந்தான். திருவேற்காட்டில் மொட்டை போட்டுக்கொண்டு வந்த சித்தப்பாவைப் பார்த்து வீட்டு நாயே குரைத்ததாக ஒருத்தி எழுதியிருந்தாள். சிரித்துக்கொண்டே திருத்தினேன். ஒரு நோட்டில் மட்டும் அந்த இடம் காலியாக இருந்தது.

எட்டாவது படிக்கும் பெண் அவள். இரண்டு மாதம் முன்புதான் அவள் அம்மா கொண்டுவந்து சேர்த்தார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மற்ற நான்கு சொற்களுக்கும் ஒழுங்காக எழுதியிருந்தாள். “இது மட்டும் ஏன் எழுதல?” என்றேன். “தோணல மிஸ்” என்றாள். சோம்பல் என்று முடிவு கட்டினேன். விட்ட வாக்கியம் ஒன்றுக்குப் பத்து என்பது என் வழக்கம். பத்து எழுதி வரச் சொன்னேன்.

எழுதி வந்தாள். பத்தும் கட்டடங்கள், பஸ்கள், ஒரு பழைய செருப்பு. மருந்துக்குக்கூட ஒரு மனிதர் இல்லை. “மனுஷனப் பத்தின்னு சொன்னேனா இல்லையா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். நோட்டை வாங்கிப் பையில் வைத்தாள். அடுத்த மூன்று நாள் அவள் வரவில்லை. நான்காம் நாள், அவள் தெருவில் இருக்கும் இன்னொரு பிள்ளையிடம் விசாரித்து வரச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் மாலை, பாடம் நடக்கும்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். தலையையும் முகத்தையும் சேர்த்துத் துண்டால் சுற்றியிருந்தார். என்னிடம் பேசுவதற்காகத் துண்டை எடுத்தார். புருவங்கள் இல்லை. மூக்கும் உதடும் இழுத்து வைத்துத் தைத்த தோலுக்குள் ஒடுங்கியிருந்தன. முன்வரிசையில் ஒரு பிள்ளை பென்சிலைக் கீழே போட்டது. நான் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு “யாருங்க?” என்றேன்.

“பாப்பாவோட நைனா, டீச்சர்” என்று, வராமல் இருந்தவளின் பெயரைச் சொன்னார்.

அம்பத்தூரில் ஒரு பட்டறையில், பழுக்கக் காய்ச்சிய இரும்பை எண்ணெய்த் தொட்டியில் இறக்கும் வேலை பார்த்தவர். ஆறு மாதத்துக்கு முன் தொட்டி தீப்பிடித்துவிட்டது. நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல அவரே இதைச் சொன்னார். சேர்க்க வந்த அன்று அவள் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எந்தப் பிள்ளையின் வீட்டைப் பற்றியும் நான் கேட்பதுமில்லை. அதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. “தெரியாம குடுத்துட்டேங்க. அத எழுத வேணாம்னு சொல்லிடுங்க. நாளைக்கு சும்மா வரட்டும்” என்றேன்.

“அய்யோ, அதச் சொல்லத்தான் டீச்சர் வந்தேன். எழுத வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

அப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

“ஊட்டுக்கு வந்து ரெண்டு மாசம் ஆவுது. அதோட அம்மா வேலைக்குப் பூடும். பாப்பாதான் சோறு போடுது, மாத்திர எடுத்துக் குடுக்குது. ஒரு கொறையும் இல்ல. ஆனா இன்னி வரைக்கும் என் மூஞ்ச ஒரு வாட்டி கூட நேரா பாக்கல டீச்சர். செவுத்தப் பாத்துகினே பேசுது. சின்னப் புள்ள, பயந்துகினு கீது, நான் இன்னா சொல்ல முடியும்? நீங்க பாத்துதான் எழுதணும்னு சொல்லுவீங்களாமே. எழுதச் சொல்லுங்க. நீங்க உட்டுட்டீங்கன்னா அதுவும் அப்டியே உட்டுரும்.”

துண்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். புத்தகத்தைப் பாருங்கள் என்றேன்.

ஒரு பெண்ணை இப்படி நெருக்குவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் கேட்டது அவளைப் பெற்றவர். என் கண்டிப்பை இதுவரை எந்தப் பெற்றோரும் வேண்டி வாங்கிப் போனதில்லை. அவள் மறுநாள் வந்தபோது குரலை இளக்காமல் சொன்னேன்: “பத்து வேணாம், ஒண்ணு போதும். மனுஷனப் பத்தி இருக்கணும். பாத்து எழுதணும். எத்தன நாளானாலும் பரவால்ல.” தலையாட்டினாள்.

அதன் பிறகு தினமும் முதலில் அவள் நோட்டைத்தான் திறந்தேன். காலியாகவே இருந்தது. கேட்டால் “நாளைக்கு மிஸ்” என்பாள். ஒரு வாரம் போனது, இரண்டாவது வாரமும் போனது. பேசாமல் விட்டுவிடலாம் என்று பல முறை நினைத்தேன். ஆனால் அந்த மனிதர் ஒவ்வொரு வேளையும் சோற்றுத் தட்டின் முன்னால், இன்றாவது பார்ப்பாளா என்று காத்துக்கொண்டிருப்பார் என்று தோன்றும். விடாமல் கேட்டேன். அந்த நாட்களில் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை நோட்டைத் திறந்தால் எழுதியிருந்தாள். பென்சிலால் எழுதி, அழித்து, மேலே பேனாவால் எழுதியிருந்தாள்.

‘என் அப்பாவின் இடது கண்ணில், வெள்ளையில், கடுகு அளவு ஒரு பழுப்புப் புள்ளி இருக்கிறது. அது முன்பும் அங்கேதான் இருந்தது.’

இரண்டு முறை படித்தேன். அவ்வளவு சிறிய புள்ளியைப் பார்க்க எவ்வளவு கிட்டே போயிருக்க வேண்டும், எவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன்: “நான் குடுத்த வார்த்தை எங்கம்மா?”

அவள் நோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“போட்டுப் பாத்தேன் மிஸ். எங்க நைனாக்கு அது சேரல.”