ஸ்டீரிங் இல்லாத பக்கம்

மாட்டுங்காவில் என் அப்பா வீட்டில் ‘ஜப்பான் சாமான்’ என்பது ஒரு வசவு. சாவி கொடுத்த மறுநாளே நின்றுபோகிற பொம்மை, ஒரே மழையில் சாயம் போகிற குடை, வாய் கிழியப் பேசிவிட்டு ஒரு காரியத்துக்கும் உதவாத உறவுக்காரர், எல்லாமே அவருக்கு ஜப்பான் சாமான்தான். கல்யாணமாகிச் செம்பூருக்கு வந்தால் அங்கே அதே சொல்லைக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாகச் சொன்னார்கள். என் கணவர் எதையும் ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்ல மாட்டார். ‘ஜப்பான்’ என்பார். டேப் ரிக்கார்டர் ஜப்பான், கால்குலேட்டர் ஜப்பான். ஒருநாள் என் சாம்பாரைக்கூட அப்படிப் பாராட்டினார். அப்பா பக்கத்தில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

இந்த இரண்டு ஜப்பான்களுக்கும் நடுவில் ஒரு போரும், சில கம்பெனிகளின் பிடிவாதமும் இருந்தன. அப்படிப்பட்ட ஒரு கம்பெனியின் கார்தான் எண்பதுகளின் நடுவில் எங்கள் வாசலுக்கு வந்து நின்று, என் ஆபீசர் உத்தியோகத்தை விழுங்கப் பார்த்தது. கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த அறையில் இருப்பவர் காதில் விழும். அப்புறம் இதை நான் எழுதி முடித்த மாதிரிதான்.

மஸ்கட்டிலிருந்து திரும்பிய எஞ்சினியர் ஒருவர் கூடவே கொண்டுவந்த வண்டி அது. அவரால் அதை விற்க முடியவில்லை. முதல் காரணம், வளைகுடா வண்டி என்பதால் ஸ்டீரிங் இடதுபக்கம் இருந்தது. இரண்டாவது காரணம்தான் பெரியது. நம்பர் பிளேட்டைக் கூட்டினால் எட்டு வந்தது. எட்டு சனியின் எண். எங்கள் ஜனங்கள் எதற்குப் பயப்படாவிட்டாலும் இதற்குப் பயப்படுவார்கள். எங்கள் கட்டடத்தில் எட்டாம் நம்பர் வீட்டுக்காரர் கதவில் ‘ஏழு ஏ’ என்று எழுதி மாட்டியிருந்தார். தபால்காரர் மட்டும்தான் அந்தக் குடும்பத்துக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் கணவருக்கும் பயம்தான். ஆனால் விலை இறங்க இறங்க பயமும் இறங்கியது. முழுசாக இறங்குவதற்கு ஒரு சாஸ்திர ஆதாரம் வேண்டியிருந்தது. அதை எங்கிருந்தோ கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். அந்தக் கம்பெனியை ஆரம்பித்த குடும்பம் தங்கள் பெயரில் ஓர் எழுத்தை மாற்றித்தான் வண்டிக்கு வைத்ததாம். மாற்றியபின் அந்த ஊர் எழுத்தில் பெயரை எழுத எட்டே கோடு போதுமாம். எட்டு அங்கே அதிர்ஷ்டமாம்.

“எட்டு நமக்குத்தாண்டி சனி. அவனுக்கு அதுதான் லக்ஷ்மி. வண்டி அவன் ஊர்ல பொறந்தது. அவன் ஜாதகம்தானே அதுக்குப் பலிக்கும்?” என்றார்.

வண்டி வந்தது. அதற்கு ஒரு உறை தைத்தார்கள். எனக்கு அந்த வருஷம் புடவை எடுக்கவில்லை என்பதை இங்கே சொல்லக்கூடாது, சொல்லிவிட்டேன். வாரம் முழுவதும் உறைக்குள் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது வெளியே வரும். குளிக்கும், துடைத்துக்கொள்ளும், மாட்டுங்கா கோவில் வரை போய் அர்ச்சனை செய்துகொண்டு திரும்பும். வலதுபக்கம் நான் உட்கார்ந்திருப்பேன். ஊரில் மற்ற வண்டிகளில் டிரைவர் உட்காரும் இடம் அது. எதிரே வருகிறவர்கள் எல்லோரும் நான்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்து ஒதுங்கி வழிவிடுவார்கள். சயானில் ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் என் ஜன்னலைத் தட்டி லைசென்ஸ் கேட்டார். என் முன்னால் ஸ்டீரிங் என்று ஒன்றுமே இல்லை என்பதைக் குனிந்து பார்த்துவிட்டு, அவரே சங்கடப்பட்டுக்கொண்டு போனார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் காப்பி, அதன் பின்னாலேயே கம்பெனி சரித்திரம். அவர்கள் முதலில் கார் செய்கிறவர்களே இல்லை, தறி செய்கிறவர்கள் என்று ஆரம்பிப்பார். அந்தத் தறியில் ஒரு நூல் அறுந்தால் போதும், அது தானாகவே நின்றுவிடும். யாரும் பார்த்துச் சொல்ல வேண்டாம், தப்புத் துணி ஒரு முழம்கூட நெய்யாது. அந்தக் காசில்தான் பிள்ளை கார் செய்யக் கிளம்பினான் என்று முடிப்பார். வந்தவர்கள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருப்பார்கள். பாதிப் பேர் எந்த மண்டபம் என்று சொல்லாமலே கிளம்பிப் போயிருக்கிறார்கள்.

சரித்திரத்தில் அவர் விட்டுவிடும் ஒரு பக்கம் உண்டு. நான் அதைச் சர்குலேட்டிங் லைப்ரரி ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் படித்தேன். அந்தக் கம்பெனி முதன்முதலில் அமெரிக்காவுக்கு அனுப்பிய கார்கள் அங்குள்ள பெரிய சாலைகளில் மூச்சு வாங்கினவாம். அவர்கள் அதை நிறுத்திக்கொண்டு, ஊருக்குத் திரும்பி, வேறு வண்டி செய்துகொண்டு போனார்களாம். அப்புறம்தான் அந்தப் பெயரும் புகழும். இதை நான் ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் சொன்னேன். உடனே இவர், காப்பியில் சர்க்கரை போதுமா என்று அவர்களைக் கேட்டார்.

அவர் வண்டிக்கும் வியாதி வராமல் இல்லை. உறைக்குள்ளேயே கிடந்தால் எந்த வண்டிக்கும் வரும். தாராவியில் பட்டறை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர்தான் வைத்தியர். அவரும் இவரும் நல்ல ஜோடி. இவர் ஜப்பானைப் புகழ்வார், அவர் ஆமாம் சாமி போடுவார், அதற்குள் ஒரு சாமான் கழன்று கீழே வந்திருக்கும்.

“இந்தச் சாமான் பம்பாய்லயே கிடையாது, சார். நம்ம டாக்ஸி சாமான வச்சு அட்ஜஸ்ட் பண்ணித் தாரேன். ஒரு பயலும் கண்டுபிடிக்க மாட்டான், பாத்துக்கிடுங்க” என்பார்.

இப்படியே கார்புரேட்டர் டாக்ஸியுடையது ஆயிற்று, பெட்ரோல் பம்ப் டாக்ஸியுடையது ஆயிற்று, இன்னும் பெயர் தெரியாத பலதும் ஆயின. கடைசியில் பானெட்டின் மேலிருந்த எழுத்துகள்தான் ஜப்பானில் பிறந்தவை என்று நினைக்கிறேன். அவற்றைத்தான் இவர் தினமும் துடைத்தார்.

இந்தச் சமயத்தில்தான் பாங்கில் எனக்கு ஆபீசர் இண்டர்வியூ வந்தது. இரண்டாவது முறை. முதல் முறை எழுத்துப் பரீட்சையில் தேறி, இண்டர்வியூ அன்று எங்கள் பையனுக்கு அம்மை போட்டு, போகாமல் விட்டேன். மூன்றாவது முறை என்று ஒன்று கிடையாது, அது பாங்க் விதி. இதை விட்டால் ரிடையர் ஆகும்வரை அதே கவுண்டரில் உட்கார்ந்து, அதே செக்கைப் புரட்டிப் பார்த்து, நேற்று ஆபீசராக வந்து சேர்ந்த பையனிடம் கையெழுத்துக்கு நீட்ட வேண்டியதுதான். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். வெளியே யாரிடமும் சொல்லாமல் அவ்வளவு ஆசைப்பட்டேன்.

ஆனால் மழைக்காலம். செம்பூர் ஸ்டேஷன் படியில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டேன். மாவுக்கட்டோடு காலை நேர லோக்கலில் ஏறுவதற்குச் சர்க்கஸ் தெரிய வேண்டும். ஃபோர்ட் வரை டாக்ஸியில் போய்விடுகிறேன் என்றேன்.

“வாசல்ல ஜப்பான் வண்டி நிக்கறபோது டாக்ஸியா? பில்டிங்ல என்ன நெனைப்பா?” என்றார்.

அங்கே இன்னொரு சிக்கல். இண்டர்வியூ தேதியையும் கூட்டினால் எட்டு. அவருடைய ஜப்பானிய தைரியம் அன்று ராத்திரி ஆட்டம் கண்டது. பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தார். வண்டி எட்டு, தேதி எட்டு, சேர்த்தால் பதினாறு. ஒன்றும் ஆறும் ஏழு. ஏழு கேதுவாம், காரியத் தடையாம். அப்புறம் முகம் மலர்ந்தது. இன்னொரு எட்டைச் சேர்த்தால் இருபத்து நான்கு, அதாவது ஆறு. ஆறு சுக்கிரன், வாகனத்துக்கு உகந்தது. ஆகவே எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். ஏழு மணிக்கே போகலாம் என்று நான் சொன்னது கணக்கில் எங்கும் இடம்பெறவில்லை.

ஏழு மணிக்கே நான் பட்டுப்புடவையும் மாவுக்கட்டுமாகத் தயாராகி, காரின் வலதுபக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வெளியே நின்று ரேடியோவில் மணி அடிப்பதற்காகக் காத்திருந்தார். அடித்ததும் சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது, அப்புறம் கிளம்பியது. என்னைத் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தார். சயான் தாண்டினோம். பரவாயில்லை, இந்த மனுஷன் சொன்னதிலும் ஏதோ இருக்கிறது என்று நான் நினைத்த நிமிஷத்தில், மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் வண்டி நின்றது.

நிற்பதற்கு இதைவிட நல்ல இடம் பம்பாயிலேயே கிடையாது. பூக்கடை, காப்பிப்பொடிக் கடை, கோவிலுக்குப் போகிறவர்கள், கோவிலிலிருந்து வருகிறவர்கள். பாதிப் பேர் என் அப்பா தெரு. மீதிப் பேர் எங்கள் வீட்டில் காப்பியும் சரித்திரமும் குடித்தவர்கள். பானெட்டைத் திறப்பதற்குள் ஒரு சின்னக் கூட்டம் கூடிவிட்டது.

“என்ன மாமா, ஜப்பான் வண்டி நின்னுடுத்தா?” என்று ஒருவர் கேட்டார்.

“நிக்கலை. நம்ம பெட்ரோல் அதுக்கு ஒத்துக்கலை” என்றார்.

அதோடு விடவில்லை. பெட்ரோல் நம்முடையது, பாட்டரி நம்முடையது, ரோடு நம்முடையது, மழைகூட நம்முடையது, பாவம் அந்த எஞ்சின் என்ன செய்யும் என்று விளக்கினார். ஒரு புதிய ஆள், அப்பாவி, அப்படி என்ன சார் கம்பெனி என்று கேட்டுத் தொலைத்தார். இவர் கையைத் துடைத்துக்கொண்டு, அவா மொதல்ல கார் பண்றவாளே இல்லை என்று ஆரம்பித்தார். நான் உள்ளிருந்து, “ஏன்னா, நேரமாறது” என்றேன். கையை மட்டும் என் பக்கம் நீட்டி, இரு என்று காட்டினார்.

அப்போது ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் வந்து என் ஜன்னலைத் தட்டினார். வண்டியை ஓரமாக எடுக்கச் சொல்லி மராத்தியில் அதட்டினார். என்னிடம் ஸ்டீரிங் இல்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவர் பார்த்தார், நானும் பார்த்தேன். பட்டுப்புடவை மடியின் மேல் வெறும் இரண்டு கைகள். எத்தனை ஞாயிற்றுக்கிழமை இந்த இடத்தில் இப்படியே உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியதும் எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தது நல்லதாயிற்று, அதுதான் கதவைத் திறந்தது.

மாவுக்கட்டுக் காலை ரோட்டில் ஊன்றி நின்று, போகிற ஒரு டாக்ஸியைக் கையைக் காட்டி நிறுத்தினேன். “கிதர் ஜானே கா?” என்றார் டிரைவர். ஃபோர்ட் என்று சொல்லி ஏறிக்கொண்டேன். அப்போதுதான் என் கணவர் சரித்திரத்தை நிறுத்தினார்.

“ஏண்டி, அஞ்சு நிமிஷத்துல ஸ்டார்ட் ஆயிடும். இத்தனை பேர் முன்னாடி டாக்ஸில ஏறினா என் மானம் என்னாறது?”

“ஏன்னா, நூல் அறுந்துடுத்து. தறி நின்னுடும்னு நீங்கதானே சொல்லிண்டிருக்கேள்” என்றேன்.

டாக்ஸி கிளம்பியது. அவர் வண்டியில் இருந்த அத்தனை சாமானும் அதிலும் இருந்தது. ஒன்றுகூடத் தகராறு செய்யவில்லை. இண்டர்வியூவில் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நொண்டிக்கொண்டே உள்ளே போனேன். நடுவில் உட்கார்ந்திருந்தவர், ஒரு கிளையில் தவறு நடப்பது தெரிந்தால் ஆபீசர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்றேன். அன்று காலை அதை வேறு யாராலும் அவ்வளவு மனப்பூர்வமாகச் சொல்லியிருக்க முடியாது.

ஆபீசர் ஆர்டர் வந்தது. என் கணவர் கட்டடம் முழுவதும் பேடா கொடுத்தார். கொடுக்கும்போதே கதை தயாராக இருந்தது. “மூணு எட்டு சேர்ந்துது பாத்தேளா. டாக்ஸி கிடைக்கற இடமாப் பாத்து நின்னுது. வேற கம்பெனி வண்டியா இருந்தா சயான்லயே கால வாரிவிட்டிருக்கும்.” ஏழு ஏ வீட்டுக்காரர் மட்டும் அதை நம்பினார் என்று கேள்வி.

ஆபீசர்களுக்குக் கார் லோன் உண்டு என்பதும் அவருக்குத்தான் முதலில் தெரிந்திருந்தது. வேறொரு ஜப்பான் கம்பெனியோடு சேர்ந்து நம் ஊரிலேயே செய்த சின்னக் கார் அப்போது வந்திருந்தது. அதன் சரித்திரத்தை அவர் படிக்க ஆரம்பித்திருந்தார். இவர்களும் தறியிலிருந்துதான் வந்தார்களாம், அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சரி, வாங்குகிறேன் என்று நானும் சொன்னேன். மாவுக்கட்டைப் பிரித்த கையோடு செம்பூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். எனக்குத்தான் ஓட்டத் தெரியுமே, உனக்கு எதற்கு என்று கேட்டார். காப்பியில் சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

புது வண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கிளம்பினோம். அவர் பழக்கதோஷத்தில் இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். நான் எப்போதும்போல வலதுபக்கம் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தன் முன்னால் ஒன்றுமில்லை என்பதை அவர் கவனித்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். நான் சாவியைத் திருப்பினேன்.