ஓட்டை போடும் வேலைக்கு ஐந்து பெண்கள்

பெண்களுக்கு மெஷின் வேலை கற்றுக்கொடுப்பது சுலபம். அதற்குப் பணம் கொடுங்கள் என்று கடை கடையாக ஏறி இறங்குவதுதான் முதுகெலும்பை முறிக்கும் தொழில். நல்ல காரியத்துக்கு நன்கொடை கேட்டுப் போய், "அப்புறம் வாங்க" என்ற பதிலை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியவர்களே, வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

எழுபதுகளின் தொடக்கத்தில் கே.ஜி.எஃப். என்ற கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். அப்போது பெங்களூர் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் வர ஆரம்பித்திருந்தது. அந்தப் பெரிய மனிதருக்கு நாம் எழுதுவதைப் படிக்கத் தெரியாது. அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். எண்ணுக்கு ஒரு ஓட்டை, எழுத்துக்கு இரண்டு. எந்த எழுத்துக்கு எங்கே ஓட்டை என்பதை மனப்பாடம் செய்து, விரலும் வேகமாக ஓடினால் பெண்களுக்கு வேலை நிச்சயம் என்று கேள்விப்பட்டேன். அத்தோடு என் நிம்மதி போயிற்று.

முதலியாரின் சந்தேகம்

ஐந்து பெண்கள் தயார். ஓட்டை போடும் மெஷின் இரண்டை ஆறு மாதம் வாடகைக்குத் தர பெங்களூரில் ஒருவர் தயார். பணம்தான் தயாராக இல்லை. ஒரு கடை ஒரு பெண்ணின் செலவை ஏற்கட்டும் என்று திட்டம் போட்டு, கீழே இருந்த ஜவுளிக்கடை சிங்கார முதலியாரிடமே முதலில் போனேன். மாதிரிக்கு ஒரு அட்டையும் கொண்டுபோனேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

அவர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். நான் அரை மணி நேரம் தொண்டை வறளப் பேசினேன். கடைசியில் தான் ஒரு பெண்ணுக்குக் கட்டுவதாகவும், இன்னும் நாலு கடைக்காரர்களைச் சேர்த்துவிடுவதாகவும் சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை. ஆறு மாதத்தில் ஒருத்திக்காவது வேலை கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மெஷின் திரும்பிப் போகும், இரண்டாவது வகுப்பு என்ற பேச்சே கூடாது. நான் பலமாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். பின்னாலேயே அவர் குரல் வந்தது:

"ஓட்டையே இல்லாத துணிய பாதி வெலைக்கு கேக்கறாங்கோ டீச்சரம்மா. நீங்க ஓட்டை போடறதுக்கு முழுப் பணம் வாங்கிக்கினு போறீங்களே!"

எங்க பொண்ணு, உங்க பொண்ணு

பணம் கட்டியவர்கள் அத்தோடு சும்மா இருப்பார்கள் என்று நினைத்தேன். பைத்தியக்காரி நான். ஒரு வாரத்தில் கடைத்தெருவே ஐந்து கட்சியாகப் பிரிந்துவிட்டது. முதலியார் கட்டியது வசந்தாவுக்கு. பாத்திரக்கடை கோவிந்தராஜ் கட்டியது சரோஜாவுக்கு. யார் ஒரு மணி நேரத்தில் எத்தனை அட்டை முடித்தாள் என்று சாயங்காலமானால் படிக்கட்டிலேயே விசாரணை நடக்கும். காப்பித்தூள் கடைக்காரர் தன் பெண்ணுக்கு மட்டும் தினம் ஒரு ஃபிளாஸ்க் காப்பி அனுப்பினார். அதைக் கேள்விப்பட்ட பழக்கடைக்காரர் தன் பெண்ணுக்கு ஆரஞ்சு அனுப்பினார். ஆரஞ்சுச் சாறு பட்ட அட்டைகள் மெஷினில் சிக்கி, ஒரு நாள் வகுப்பே நின்றது.

மெஷின் இரண்டு, பெண்கள் ஐந்து. சுரங்கத்தில் மாதிரி ஷிப்ட் போட்டுத்தான் பழக்கினேன். அதிலும் கோவிந்தராஜுக்குக் குறை. ஒரு நாள் மூச்சு வாங்க மாடியேறி வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்:

"எங்க பொண்ணுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டே குடுங்க டீச்சர். முதலியார் பொண்ணு குந்தி எழுந்த சேர்ல குந்தினா எங்க பொண்ணுக்கு ராசி வராது."

ஏழுமலை வந்தார்

வசந்தாவின் அப்பா ஏழுமலை, நந்திதுர்க் சுரங்கத்தில் பாறையில் டிரில் போடுகிறவர். மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போவதில் அவருக்கு இஷ்டமில்லை என்று வசந்தா அழுதிருந்தாள். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து, தலையெல்லாம் தூசியோடு நேராக வகுப்புக்கு வந்து நின்றார். நான் பயந்துபோய் நாற்காலியைத் தள்ளினேன். உட்காரவில்லை. "இன்னா வேலைமா இது? போட்டுக் காட்டு" என்றார் மகளிடம்.

அவள் ஒரு அட்டை முடித்தாள். அவர் அதை வாங்கி விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு மெஷினுக்கடியில் குனிந்து பார்த்தார். சத்தம் அதிகமில்லை, புகையில்லை, மேலிருந்து எதுவும் விழாது என்பதை எல்லாம் அவரே கண்டுபிடித்துக்கொண்டார். அவர் சொன்னதைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது; வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"நானும் இருவத்திரெண்டு வருசமா ஓட்டைதான் போடறேன் டீச்சரம்மா. எம் பொண்ணு ஃபேனுக்கு கீழ குந்திக்கினு போடறான்னா, நல்லா போடட்டும்."

பெங்களூரில் ஒரு மணி

இனி என் மடத்தனத்துக்கு வருகிறேன். சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டுக்கு மணிதான் பாஷை. ஒரு மணி அடித்தால் நிற்க வேண்டும். இரண்டு அடித்தால் இறங்க வேண்டும். எங்கள் ஊரில் இது குழந்தைக்கும் தெரியும். அதனால் வகுப்பிலும் அதையே வைத்திருந்தேன். ஒரு மணி என்றால் கையை எடு, இரண்டு என்றால் ஆரம்பி. ஆறு மாதமும் அப்படியே ஓடியது.

பெங்களூர் கம்பெனி ஒன்று வேலைக்கு வைத்த பரீட்சைக்கு மாரிகுப்பத்திலிருந்து முதல் ரயிலைப் பிடித்துப் போனோம். கம்பெனி ஹாலில் வேறு ஊர்ப் பெண்களோடு எங்கள் ஐவரும் உட்கார்ந்தார்கள். நான் வெளியே, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால். அதிகாரி 'டங்' என்று ஒரே ஒரு மணி அடித்தார். மற்ற பெண்கள் எல்லாம் படபடவென்று ஆரம்பித்துவிட்டார்கள். என் ஐந்து பேரும் விரலைத் தூக்கிக்கொண்டு, அடுத்த மணிக்காக சமர்த்தாகக் காத்திருந்தார்கள்! ஒரு நிமிஷம் போயிற்று. உள்ளே போகக் கூடாது, பேசக் கூடாது. கையில் இருந்தது மத்தியான சாப்பாட்டு டிபன் கேரியர். கரண்டியை எடுத்து அதன் தலையில் ஓங்கி இரண்டு போடு போட்டேன். பத்துக் கைகளும் ஒரே நேரத்தில் மெஷினில் இறங்கின. அதிகாரி ஓடிவந்தார். "கை தவறிக் கேரியர் விழுந்துவிட்டது, சார்" என்றேன். அவர் என்னையும், என் கையிலிருந்த கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்:

"ஒரே கேரியர் ரெண்டு தடவை விழுந்துச்சாம்மா?"

கடிதம் வந்த நாள்

வசந்தாவுக்கும் இன்னொருத்திக்கும் வேலை கிடைத்தது! கடிதத்தைப் படித்துவிட்டு நான் மாடியில் குதித்த குதியில், கீழே முதலியார் கடையில் சுண்ணாம்பு உதிர்ந்ததாம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, தெருவுக்கே ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். மெஷின் இங்கேயேதான் என்று அவரே அறிவித்தார்.

ஆனால் சரோஜா மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து கோவிந்தராஜ் மாடியேறி வந்தார். அவர் பணம் போயிற்று, தெருவில் மானமும் போயிற்று. என்ன வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேனோ என்று நின்றேன். தப்பு என்னுடையது, அந்த மணிக் கணக்கைப் பழக்கியது நான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜாங்கிரி ஒன்றை அவளிடம் நீட்டினார்:

"அழுவாதம்மா. எங் கடைக்கு தினம் நூறு பேர் வந்து குடத்தை தட்டிப் பாத்துட்டு போறாங்கோ, வாங்கறது மூணு பேரு. அதுக்காவ நான் கடைய மூடிட்டனா? மறுபடி குந்து, நான் கட்டறேன்."

அடுத்த முறை சரோஜாவும் தேறினாள். பெண்கள் வேலைக்குப் போனால் ஊர் கெட்டுவிடும் என்று என்னிடம் சொன்னவர்கள் ஏராளம். ஆனால் தன் மகளுக்கு வகுப்பில் இடமில்லை என்றதும் சண்டைக்கு வராதவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை.